நட்சத்திரத்தைக் கொடுத்துப் பொடியனை வாங்குகிறார்களே, ஏன்?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே குழப்பம் இங்கே வந்து இறங்கும் பலருக்கும் உண்டு. சென்னையிலிருந்து டொரொண்டோ வந்து முதல் குளிர்காலம். ஆபீஸில் மதியச் சாப்பாட்டு மேசையில் தினமும் இந்த ஊர் பேஸ்பால் அணியான ப்ளூ ஜேஸ் பேச்சு. ஆட்டமே இல்லாத மாதங்களில்தான் சண்டை பலமாக இருக்கிறது. பேர் தெரியாத 20 வயதுப் பையனைக் கொடுக்கவே கூடாது என்று ஒருவர், நிரூபித்த ஆளை வாங்காமல் பையன்களை அடைகாத்து என்ன பயன் என்று இன்னொருவர். "பேஸ்பால் விதி ஓரளவு புரிகிறது, இந்தப் பேச்சுதான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எந்தப் பக்கம் சரி, எப்படிக் கலந்துகொள்வது?" என்கிறீர்கள்.

ஆட்ட விதியை ஓரமாக வையுங்கள். இந்தச் சண்டைக்கு அடிப்படை சம்பள விதி. அது தெரிந்தால் முக்கால்வாசிப் பேச்சு பிடிபட்டுவிடும்.

பேஸ்பாலின் உச்சப் படியான மேஜர் லீக்கில் ஒரு பையன் கால் வைத்த நாளிலிருந்து அவனுடைய சர்வீஸ் டைம், அதாவது பணிக்காலக் கணக்கு, ஓடத் தொடங்கும். ஒரு சீசன் சுமார் 187 நாள். அதில் 172 நாள் மேஜர் லீக் பட்டியலில் இருந்தால் ஒரு வருடம் என்று கணக்கு. முதல் மூன்று வருடம் கிட்டத்தட்ட குறைந்தபட்சச் சம்பளம்தான், 2026-ல் அது 7,80,000 அமெரிக்க டாலர். அடுத்த மூன்று வருடம் ஆர்பிட்ரேஷன். அணியும் ஆட்டக்காரரும் ஆளுக்கொரு தொகை சொல்வார்கள், ஒத்துவராவிட்டால் நடுவர் குழு இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், நடுவில் ஒரு தொகை சொல்ல முடியாது. ஆறு வருடம் முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட், எங்கே வேண்டுமானாலும் போகலாம். போ பிஷெட் 2019 ஜூலையில் ஜேஸுக்கு வந்தார், அந்த அரை வருடம் முழு வருடமாகச் சேரவில்லை, 2025 முடிந்ததும் சுதந்திரம். இந்த ஆறு வருடத்துக்கு "கன்ட்ரோல்" என்று பெயர். மேசையில் அதிகம் காதில் விழும் சொல் இதுதான்.

இப்போது விளாடிமிர் கெரேரோ ஜூனியரின் சம்பளத்தைப் பக்கத்தில் வையுங்கள். 2025 ஏப்ரலில் 14 வருடத்துக்கு 500 மில்லியன் டாலர். சராசரி போட்டால் வருடத்துக்கு 35.7 மில்லியன். அந்தப் பணத்தில் குறைந்தபட்சச் சம்பளப் பையன்கள் 45 பேரை வைத்துக்கொள்ளலாம். இந்த லீக்கில் சம்பளத்துக்குக் கறாரான உச்சவரம்பு கிடையாது. ஆனால் மொத்தச் சம்பளம் ஒரு கோட்டைத் தாண்டினால் வரி உண்டு, 2026-க்கு அந்தக் கோடு 244 மில்லியன். ஜேஸுக்கு இன்னொரு தலைவலி, வருமானத்தில் பெரும்பங்கு கனடிய டாலரில், சம்பளமெல்லாம் அமெரிக்க டாலரில். ஆகவே நல்ல மலிவான பையன் நாலு பேர் இருந்தால்தான் கெரேரோ மாதிரி ஒருவரைக் கட்டிவைக்க முடியும். பொடியனுக்கு இத்தனை மவுசு இதனால்தான்.

ஐபிஎல்லில் 2025 நவம்பரில் சென்னை ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியதே, அது பெரிய ஆளுக்குப் பெரிய ஆள். அங்கே மூன்று வருடத்துக்கு ஒருமுறை மெகா ஏலம் வந்து பட்டியலைக் கலைத்துப்போட்டுவிடும் என்பதால் 19 வயதுப் பையனை ஆறு வருடக் கணக்குப் போட்டு யாரும் கேட்பதில்லை. இங்கே பையன்தான் நாணயம். ட்ராஃப்டில் (புதுப் பையன்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) ஒரு அணிக்குரிய இடத்தைக்கூட, ஒரு சில கூடுதல் இடங்களைத் தவிர, விற்க முடியாது. அதனால் கொடுக்கல் வாங்கல் எல்லாம் ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட பையன்களை வைத்துத்தான்.

ஆகவே எந்த ட்ரேட் (ஆட்டக்காரர் பரிமாற்றம்) பற்றிப் பேச்சு வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, வருகிறவருக்கு எத்தனை வருட கன்ட்ரோல் பாக்கி என்பது. ஜேஸ் சரித்திரத்திலேயே இரண்டு உதாரணம் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. 2014 நவம்பரில் ஓக்லாந்திலிருந்து ஜாஷ் டொனால்ட்சனை வாங்கினார்கள். கொடுத்தது பிரெட் லாரி, கெண்டல் கிரேவ்மன், ஷான் நோலின், பிறகு 18 வயது ஃப்ராங்க்ளின் பரெட்டோ. அன்று இங்கே பலர் வயிற்றில் அடித்துக்கொண்டது பரெட்டோவுக்காக. டொனால்ட்சன் அடுத்த வருடமே அமெரிக்கன் லீக் (மேஜர் லீக்கின் இரண்டு பிரிவில் ஒன்று, மற்றது நேஷனல் லீக்) எம்விபி, அதாவது அந்த வருடத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். அவர் வரும்போது நான்கு வருட கன்ட்ரோல் பாக்கி இருந்தது. பரெட்டோ மேஜர் லீக்கில் நிலைக்கவே இல்லை.

2015 ஜூலை கடைசியில் பிட்ச்சர் (பந்து வீசுகிறவர்) டேவிட் பிரைஸை டெட்ராய்டிலிருந்து வாங்கியது வேறு கதை. அவருக்குப் பாக்கி இருந்தது இரண்டு மாதமும் ப்ளேஆஃபும். இதை ரெண்டல் என்பார்கள். டேனியல் நாரிஸ், மேட் பாய்ட், ஹைரோ லாபோர்ட் மூவரையும் கொடுத்தார்கள். பிரைஸ் கணக்கில் 9 வெற்றி, 1 தோல்வி, அணி 22 வருடம் கழித்து ப்ளேஆஃபுக்குப் போனது. டிசம்பரில் அவர் பாஸ்டனுடன் 217 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டார். ஃப்ரீ ஏஜென்ட் ஆகப்போகிறவருக்கு அணி நீட்டும் ஒரு வருட ஒப்பந்தத்துக்கு குவாலிஃபையிங் ஆஃபர் என்று பெயர், அதை மறுத்துவிட்டு அவர் வேறு அணிக்குப் போனால் ஈடாக ட்ராஃப்ட் இடம் வரும். சீசன் நடுவில் கைமாறியவருக்கு அதைக் கொடுக்க முடியாது என்பது விதி, அதனால் அவர் போனதற்கு ஈடாக ட்ராஃப்ட் இடம்கூட ஜேஸுக்கு வரவில்லை. ரெண்டல் வாங்கும்போது இந்த இழப்பையும் விலையில் சேர்த்துப் பார்க்க வேண்டும். பலர் விட்டுவிடும் கணக்கு இது.

ரெண்டலே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. 1992 ஆகஸ்டில் டேவிட் கோனுக்காக ஜெஃப் கென்ட்டையும் ரயன் தாம்ப்சனையும் கொடுத்தார்கள். கோன் அந்தச் சீசனோடு கிளம்பிவிட்டார். கென்ட் 2000-ல் நேஷனல் லீக் எம்விபி ஆனார். காகிதத்தில் பெரிய நஷ்டம். ஆனால் 1992-ல் டொரொண்டோ முதல் முறையாக உலகத் தொடரை (மேஜர் லீக்கின் இறுதித் தொடர்) வென்றது, இந்த ஊரில் கென்ட்டை நினைத்து அழுகிறவரை நீங்கள் பார்க்க முடியாது.

பையன்கள் பக்கம் பேசுகிறவர் கையில் எடுக்கும் ஆயுதம் ஆர்.ஏ. டிக்கி. 2012-ல் நேஷனல் லீக்கின் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது வாங்கியவர், 38 வயது, நக்கிள்பால் (சுழலாமல் தள்ளாடி வரும் மெதுவான பந்து) வீசுகிறவர். அந்த டிசம்பரில் நியூயார்க் மெட்ஸிடமிருந்து அவரை வாங்கக் கொடுத்தவர்களில் நோவா சின்டர்கார்டும் ட்ராவிஸ் டர்னோவும் உண்டு. சின்டர்கார்ட் 2015 உலகத் தொடரில் மெட்ஸுக்கு ஒரு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார். இதைச் சொன்னதும் எதிர்த் தரப்பு அடங்கிவிடும். அடங்கத் தேவையில்லை. டிக்கி 2013, 14, 15 மூன்று வருடமும் 200 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார், சின்டர்கார்டுக்கு 2020-ல் முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை ஆனது, அதற்குப் பிறகு பழைய வேகம் திரும்பவில்லை. ஆனாலும் அந்த ட்ரேட் ஜேஸுக்கு நஷ்டம் என்றே சொல்வேன். 38 வயதுக்காரரின் உச்ச வருடத்துக்கு விலை கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

இப்போதும் தீராத வழக்கு 2022 டிசம்பரில் நடந்தது. அரிசோனாவின் டால்டன் வார்ஷோவுக்காக 22 வயது கேட்ச்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிப்பவர்) கேப்ரியல் மொரேனோவையும் லூர்டெஸ் கூரியல் ஜூனியரையும் கொடுத்தார்கள். கன்ட்ரோல் கணக்கில் பாருங்கள்: வார்ஷோ நான்கு வருடம், மொரேனோ ஆறு, கூரியல் ஒன்று. அடுத்த வருடம் அரிசோனா உலகத் தொடருக்கே போனது, மொரேனோவுக்கு சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு க்ளவ் விருது. டொரொண்டோவில் கொதித்தார்கள். 2024-ல் வார்ஷோவும் கோல்டு க்ளவ் வாங்கினார். ஜேஸிடம் ஏற்கெனவே அலெஹாந்த்ரோ கர்க் கேட்ச்சராக இருந்தார், இடதுகைப் பேட்டர் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். உபரியைக் கொடுத்துக் குறையை நிரப்புவது நியாயமான வேலைதான், கூரியலையும் சேர்த்துக் கொடுத்ததுதான் விலையைக் கூட்டிவிட்டது. வார்ஷோவின் கன்ட்ரோல் 2026-ஓடு முடிகிறது என்பதால் இந்த வழக்கு இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.

சரி, ஒரு பையன் எவ்வளவு தேறுவான் என்று எப்படிப் பார்ப்பது? பட்டியலில் எத்தனையாவது இடம் என்பதைக் கடைசியில் பாருங்கள். முதலில் வயதையும் அவன் ஆடும் படியையும் சேர்த்துப் பாருங்கள். மேஜர் லீக்குக்குக் கீழே ஜேஸுக்கு உள்ள வளர்ப்பு அணிகள், கீழிருந்து மேலாக: டனீடின் சிங்கிள் ஏ, வான்கூவர் ஹை ஏ, நியூ ஹாம்ப்ஷயர் டபுள் ஏ, பஃபலோ ட்ரிப்பிள் ஏ. 20 வயதில் டபுள் ஏ-யில் 260 சராசரி (ஆயிரம் வாய்ப்புக்கு 260 ஹிட் என்ற விகிதம்) அடிப்பவன், 24 வயதில் சிங்கிள் ஏ-யில் 320 அடிப்பவனைவிட மேல். சல்லடை டபுள் ஏ-தான். அங்கேதான் பிட்ச்சர்கள் வளைவுப் பந்தை நம்பி ஸ்ட்ரைக் போடத் தொடங்குகிறார்கள், வேகப்பந்தை மட்டும் அடித்துப் பேர் வாங்கியவன் அங்கே மாட்டிக்கொள்வான். சராசரியைவிட ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது), வாக் (நான்கு தவறான பந்துக்கு இலவசமாக முதல் தளம் போவது) இரண்டின் விகிதம் அதிகம் சொல்லும். ஸ்கவுட்டுகள் போடும் மார்க் 20-லிருந்து 80 வரை, 50 என்றால் மேஜர் லீக் சராசரி. "அவனுக்கு 60 பவர்" என்று யாராவது சொன்னால் நூற்றுக்கு அறுபது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது நல்ல மார்க்.

பிட்ச்சர் பையன் என்றால் எப்போதும் ஒரு படி குறைத்தே மதிப்பிடுங்கள். முழங்கைத் தசைநார் கிழிந்தால் 12 முதல் 18 மாதம் போய்விடும். ஆனால் அதிலேயே லாட்டரியும் அடிக்கும். ட்ரே யெசவேஜ் 2024 ட்ராஃப்டில் 20-வது ஆள். 2025 ஏப்ரலில் டனீடினில் சிங்கிள் ஏ, செப்டம்பரில் மேஜர் லீக், அக்டோபரில் உலகத் தொடரின் முதல் ஆட்டத்தைத் தொடங்கியவர். ஐந்தாவது ஆட்டத்தில் எதிரணியான லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் மைதானத்திலேயே 12 ஸ்ட்ரைக் அவுட், ஒரு வாக் கூட இல்லை. எதிர்ப்பக்க உதாரணம் ஆஸ்டின் மார்ட்டின், 2020 ட்ராஃப்டில் ஐந்தாவது ஆள். 2021-ல் அவரையும் சிமியோன் வுட்ஸ் ரிச்சர்ட்சனையும் கொடுத்து ஹோசே பெரியோஸை வாங்கியபோது ஊரே பதறியது. மார்ட்டினிடம் எதிர்பார்த்த பவர் வரவே இல்லை.

மேசையில் சிக்கும் இடம் ஒன்று உண்டு, சர்வீஸ் டைம் விளையாட்டு. "இந்தப் பையன் தயார், ஏன் இன்னும் பஃபலோவில் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்பார்கள். கிரிஸ் பிரையன்ட்டை 2015-ல் சிகாகோ கப்ஸ் ஏப்ரல் 17 அன்று மேலே கூப்பிட்டது, அவர் கணக்கில் 171 நாள் சேர்ந்தது, ஒரு நாள் குறைவு. அணிக்கு ஒரு வருட கன்ட்ரோல் கூடுதலாகக் கிடைத்தது. அவர் முறையிட்டும் 2020-ல் தோற்றார். வீரர்கள் சங்கத்துடன் லீக் போட்ட 2022 ஒப்பந்தத்துக்குப் பிறகு, சிறந்த புதுமுகம் விருதில் முதல் இரண்டு இடம் பிடித்தால் முழு வருடம் கிடைத்துவிடும் என்பதால் இந்த வேலை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

வதந்தியை நம்பாதீர்கள். 2023 டிசம்பரில் ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஓத்தானி தனி விமானத்தில் டொரொண்டோ வருகிறார் என்று ஊரே விமானப் பாதையை வலையில் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் அவர் டாட்ஜர்ஸ் பக்கம் போனார். இன்னொன்று, ஜேஸ் டாட்ஜர்ஸிடம் தோற்ற 2025 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுக்கும்போது ஜாக்கிரதை. ஒன்பதாவது இன்னிங்ஸில் இன்னும் இரண்டு அவுட் எடுத்தால் கோப்பை என்ற நிலையில் ஜேஸின் ஜெஃப் ஹாஃப்மன் போட்ட பந்தை டாட்ஜர்ஸின் மிகெல் ரோஹாஸ் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தைச் சமமாக்கினார். அதே ஹாஃப்மன்தான் 2015-ல் பையனாக இருந்தபோது ட்ராய் துலோவிட்ஸ்கிக்காகக் கொலராடோவுக்கு அனுப்பப்பட்டவர். புண் இன்னும் ஆறவில்லை.

நாட்காட்டி சுருக்கமாக. உலகத் தொடர் முடிந்து ஐந்து நாளில் ஃப்ரீ ஏஜென்ட் சந்தை திறக்கும். நவம்பர் நடுவில் அணியின் 40 பேர் பட்டியலில் சேர்த்து, மற்ற அணிகள் எடுக்காதபடி யாரைப் பாதுகாப்பது என்று முடிவாகும், அப்போது இடம் இல்லாத அணி பையன்களை மலிவாகத் தள்ளிவிடும். டிசம்பர் தொடக்கத்தில் விண்டர் மீட்டிங்ஸ் (அணி நிர்வாகிகள் கூடும் வருடாந்தரக் கூட்டம்), கூடவே ரூல் 5 ட்ராஃப்ட்: பாதுகாக்காத பையனை 1,00,000 டாலருக்கு இன்னொரு அணி எடுக்கலாம், ஆனால் சீசன் முழுக்க மேஜர் லீக் பட்டியலில் வைத்திருக்க வேண்டும். ஜேஸ் 1980-ல் ஃபிலடெல்ஃபியாவிடமிருந்து இப்படி எடுத்த ஜார்ஜ் பெல் 1987-ல் எம்விபி. பிப்ரவரி நடுவில் பிட்ச்சர்களும் கேட்ச்சர்களும் டனீடின் போவார்கள். பையன்களை நேரில் பார்க்க பஃபலோதான் பக்கம், ஆனால் உங்கள் கனடிய வேலை அனுமதி எல்லையில் செல்லாது, இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும். நேர்முகத் தேதி கிடைக்க நாளாகும், இப்போதே விண்ணப்பியுங்கள்.

வீரர்கள் சங்கத்துடன் லீக்கின் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. போன தடவை 2021 டிசம்பர் 2 முதல் 99 நாள் கதவடைப்பு, ஒரு மேஜர் லீக் ட்ரேட்கூட நடக்கவில்லை. மறுபடி அப்படி ஆனால் மேசையில் ஹாக்கிதான் ஓடும். அதைத் தனியாகக் கேளுங்கள்.