டிவி பக்கத்தில் ஒரு லினக்ஸ் பெட்டி: கேள்வியும் பதிலும்

லினக்ஸ் கணினியை டிவியோடு இணைத்துப் படமும் பாட்டும் பார்ப்பது பற்றி டெல்டாவின் நாலு மூலையிலிருந்தும் கேட்டிருந்தீர்கள். நான் கும்பகோணத்தில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். வீட்டில் டிவிக்குக் கீழே ஒரு பழைய டெஸ்க்டாப்பில் கோடி (Kodi) என்ற, டிவியில் படமும் பாட்டும் போடும் மென்பொருள் சில வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் கேள்விகளைப் படித்ததும் ஒன்று தெரிந்தது. பாதிக்கு மேல் கோடியின் குற்றமே இல்லை. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வயலில் நின்று கத்திப் பயனில்லை. மேலே எந்த மதகு அடைத்திருக்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும். இங்கேயும் அதே கதைதான்.

கேள்வி (மன்னார்குடி, கல்லூரி மாணவர்): அக்கா, அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் சும்மா கிடக்கிறது. 2 ஜிபி ரேம்தான். இதில் கோடி ஓடுமா?

ஓடும் தம்பி. 2011-ல் தொடங்கிய திட்டம் அது. அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் (BOSS) லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. பாதிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. அதை இப்போது தூசி தட்ட வேண்டாம், காலம் கடந்துவிட்டது. லேப்டாப்பில் வேறு வேலையும் பார்க்க வேண்டுமென்றால் லினக்ஸ் மின்டின் எக்ஸ்எப்சிஇ பதிப்பைப் போடு. டிவிக்கு மட்டும்தான் என்றால் லிப்ரெலெக் போதும். அது கோடிக்காகவே செய்த சின்ன லினக்ஸ். ஆன் செய்தால் நேராகக் கோடிதான் வரும். ஆனால் நிறுவும்போது டிஸ்க் முழுவதையும் துடைத்துவிடும். அண்ணனின் பழைய போட்டோக்களை முதலில் வெளியே எடுத்து வை.

ரேமைவிட முக்கியமானது புராசஸர். எச் 264 வகை வீடியோவை அந்தக் கால இன்டெல் சில்லுகளே சிரமமில்லாமல் விரித்துவிடும். எச் 265, அதாவது ஹெச்இவிசி, இன்டெலின் 6-வது தலைமுறையிலிருந்துதான் வன்பொருளில் ஓடும். அதிலேயே 10 பிட் ரகத்துக்கு 7-வது தலைமுறை வேண்டும். அதற்கு முந்தையதில் எல்லாச் சுமையும் புராசஸர் தலையில் விழும், விசிறி ஆலை மாதிரி இரையும், படம் திக்கித் திக்கி வரும். படம் ஓடும்போது கீபோர்டில் 'ஓ' (O) எழுத்தை அழுத்திப் பார். டீகோடர் என்ற வரியில் எச்டபிள்யூ (HW) என்று இருந்தால் வன்பொருள் வேலை செய்கிறது. இல்லையென்றால் வன்பொருளை வேலை வாங்கும் விஏ-ஏபிஐ டிரைவர் இல்லை, அல்லது அந்தச் சில்லுக்கு அவ்வளவுதான் சக்தி.

கேள்வி (திருவாரூர்): விஎல்சி, கோடி, ஜெல்லிஃபின் மூன்றையும் சொல்கிறார்கள். எது நல்லது?

மூன்றும் மூன்று வேலை. ஒரு பைலைத் திறந்து பார்த்துவிட்டு மூட விஎல்சி. டிவி முன்னால் உட்கார்ந்து, போஸ்டர்களைப் பார்த்துப் படம் தேர்ந்தெடுக்கக் கோடி. ஓர் இடத்தில் படங்களை வைத்து வீட்டில் உள்ள மற்ற டிவிக்கும் போனுக்கும் அனுப்ப ஜெல்லிஃபின். ஒரே டிவி உள்ள வீட்டுக்கு ஜெல்லிஃபின் தேவையில்லாத சுமை என்பது என் கருத்து.

கேள்வி (தஞ்சாவூர்): மின்டில் கோடி இரண்டு விதமாகக் கிடைக்கிறது. எதைப் போடுவது?

மின்டின் சொந்தக் களஞ்சியத்தில் இருப்பது கொஞ்சம் பழையதாக இருக்கலாம். எல்லா லினக்ஸுக்கும் பொதுவாகச் செயலிகளைத் தரும் ஃபிளாட்பேக்கில் இருப்பது புதியது. முன்பு எல்லோரும் உபுண்டுவுக்கென்று தனிக் களஞ்சியம் சேர்த்துப் போட்டார்கள். அதை இப்போது தேடாதீர்கள். ஃபிளாட்பேக்கே போடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: இரண்டையும் போட்டுவிடாதீர்கள். இரண்டுக்கும் அமைப்புகள் வேறு வேறு போல்டரில் இருக்கும். நேற்று சேர்த்த படமெல்லாம் இன்று காணோம் என்று வந்த ஒரு கணினியைப் பார்த்தேன். ஒரு நாள் இதைத் திறந்திருக்கிறார்கள், மறுநாள் அதைத் திறந்திருக்கிறார்கள்.

கேள்வி (பாபநாசம், ஓய்வுபெற்ற ஆசிரியர்): ஏம்மா, என் லேப்டாப்பில் மின்ட், கோடி, வெளியே 4 டெராபைட் டிஸ்க். கரண்ட் போய் வந்தால் கோடியில் போஸ்டரெல்லாம் இருக்கிறது, தொட்டால் பைல் இல்லை என்கிறது. லேப்டாப் அணையவே இல்லையே? ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் புதிதாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஐயா, அந்த டிஸ்க்குக்குத் தனியாக ஓர் அடாப்டர் இருக்கிறது அல்லவா? அங்கேதான் விஷயம். லேப்டாப் தன் பேட்டரியில் ஓடுகிறது, ஆனால் டிஸ்க் கரண்ட்டோடு சேர்ந்து அணைகிறது. கோடியோ பழைய டிஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டே இருக்கிறது. கரண்ட் திரும்பியதும் டிஸ்க் மறுபடி விழித்து, 'நான் வந்துவிட்டேன்' என்கிறது. பழைய இடம் இன்னும் காலியாகாததால் லினக்ஸ் அதற்குப் பக்கத்தில் புது இடம் கொடுக்கிறது. 'படங்கள்' என்றிருந்த டிஸ்க் 'படங்கள்1' ஆகிவிடும். பைல் மேனேஜரைத் திறந்து மேலே உள்ள பாதையைப் பாருங்கள், கடைசியில் அந்த 1 ஒட்டிக்கொண்டிருக்கும். கோடி பழைய விலாசத்துக்கே போய்க் கதவைத் தட்டுகிறது.

நீங்கள் திரும்பச் சேர்க்க வேண்டியதே இல்லை. கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தாலே பெரும்பாலும் பழைய பெயர் வந்துவிடும். டிஸ்க் இணையாத நேரத்தில் மட்டும், காணாத படங்களைப் பட்டியலிலிருந்து அழிக்கும் 'கிளீன் லைப்ரரி'யைத் தொடாதீர்கள்.

நிரந்தரத் தீர்வு இரண்டு படி. முதலாவது, அடாப்டரை இன்வெர்ட்டர் லைன் உள்ள பிளக்கில் மாட்டுங்கள். அல்லது அடுத்த முறை வாங்கும்போது யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் இரண்டரை அங்குல டிஸ்க்காக வாங்குங்கள். அது லேப்டாப் பேட்டரியிலேயே ஓடும், தனி யுபிஎஸ் வேண்டாம். இரண்டாவது, டிஸ்க்குக்கு நிலையான இடம் கொடுங்கள். மின்டில் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறந்து, உங்கள் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, பல்சக்கரக் குறியை அழுத்தி, 'எடிட் மவுண்ட் ஆப்ஷன்ஸ்' போங்கள். மேலே உள்ள சுவிட்சை அணைத்தால் கீழே உள்ள கட்டங்கள் திறக்கும். எம்என்டி (/mnt) போல்டருக்குள் ஓர் இடத்தைக் கொடுங்கள். 'ஐடென்டிஃபை ஆஸ்' என்ற இடத்தில் யுயுஐடி உள்ள வரியைத் தேர்ந்தெடுங்கள். அந்த எண் டிஸ்க்கின் கைரேகை மாதிரி, எந்த யுஎஸ்பி துளையில் செருகினாலும் மாறாது. அப்புறம் கோடியில் அந்தப் புது இடத்தை ஒரே ஒருமுறை சேர்த்தால் போதும்.

அங்கே 'நோஃபெயில்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கும், அதை அழித்துவிடாதீர்கள். நான் ஆரம்பத்தில் கெட்டிக்காரத்தனமாக இந்த அமைப்புகள் பதியும் கோப்பில் கையாலேயே வரி எழுதி, அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். பொங்கலுக்கு வீடு நிறைய ஆள். டிஸ்க்கைத் தம்பி எடுத்துப் போயிருந்தான். கணினியை ஆன் செய்தால் இல்லாத டிஸ்க்குக்காக 90 விநாடி காத்திருந்துவிட்டு, கறுப்புத் திரையில் 'எமர்ஜென்சி மோட்' என்று நின்றது. 'எமர்ஜென்சியாம், யாருக்கு என்ன ஆச்சு?' என்று அத்தை பதறியதுதான் மிச்சம்.

கேள்வி (பட்டுக்கோட்டை): நானும் டிஸ்க் கேள்விதான். விண்டோஸ் வைத்திருக்கும் அதே கணினியில் லினக்ஸும் உண்டு. படங்கள் உள்ள பார்ட்டிஷனை லினக்ஸ் சில நாள் திறக்கிறது, சில நாள் எழுத விடுவதில்லை.

விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆனில் இருக்கும். ஷட்டவுன் செய்தாலும் அது முழுதாகத் தூங்காது, அரைக்கண் திறந்தே இருக்கும். அந்த நிலையில் விண்டோஸ் முறையான என்டிஎப்எஸ் பார்ட்டிஷனில் கை வைக்க லினக்ஸ் தயங்கும், தயங்குவதுதான் சரி. பவர் ஆப்ஷன்ஸில் அதை அணைத்துவிடுங்கள். கரண்ட் கட்டுக்குப் பிறகும் மக்கர் செய்தால் விண்டோஸுக்குள் போய் செக்டிஸ்க் ஓட்டுங்கள். விண்டோஸே வேண்டாம் என்ற நிலை வந்தால் லினக்ஸ் முறையான எக்ஸ்ட் 4-க்கு மாறிவிடுங்கள், திடீரென்று அணைந்தாலும் அது தாங்கும். மாற்றும்போது டிஸ்க் காலியாகும், நினைவிருக்கட்டும்.

கேள்வி (மயிலாடுதுறை): 2004-ல் நடந்த எங்கள் கல்யாண டிவிடியைக் கணினியில் ஏற்றினேன். யாராவது அசைந்தால் உருவத்தின் ஓரத்தில் கோடு கோடாக வருகிறது. டிவிடி பிளேயரில் இப்படி இல்லையே?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. அந்தக் காலக் கேமரா ஒரு முழுப் படத்தை ஒரே நேரத்தில் எடுக்காது. முதலில் ஒற்றைப்படை வரிகள், 50-ல் ஒரு பங்கு விநாடி கழித்து இரட்டைப்படை வரிகள். நம் ஊர் டிவியின் பால் (PAL) முறையில் 576 வரி, விநாடிக்கு 25 படம், அதாவது 50 அரைப்படம். பழைய குமிழ் டிவிக்கு அது இயல்பு. டிவிடி பிளேயரில் பார்க்கும்போது பிளேயரோ டிவியோ இதைச் சரிசெய்துவிடும். கணினி இரண்டு அரைகளையும் அப்படியே சேர்த்து ஒரே படமாகக் காட்டுகிறது. இடையில் அசைந்தது எதுவானாலும் சீப்புப் பல் மாதிரி பிரிந்து தெரியும். உங்கள் வீடியோவில் கெட்டிமேளம் கொட்டும் இடத்துக்குப் போய் நிறுத்திப் பாருங்கள். ஐயர் உட்கார்ந்த இடத்தில் தெளிவாக இருப்பார், தவில்காரரின் கை மட்டும் கோடுகளாகக் கிழிந்திருக்கும்.

விஎல்சியில் 'டி' (D) எழுத்தை அழுத்தினால் இந்தக் கோடுகளை நீக்கும் டீஇன்டர்லேஸ் ஆன் ஆகும். கோடியில் படம் ஓடும்போது வீடியோ அமைப்புகளுக்குள் அதே பெயரில் இருக்கிறது. மாற்றிவிட்டு, இந்த வீடியோவுக்கு மட்டும் இருக்கட்டும் என்று விடுங்கள். எல்லாப் படத்துக்கும் வேண்டாம்.

இன்னொன்று. இதை எம்பி 4 ஆக மாற்றி இடம் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். சாதாரண டிவிடி ஒன்று 4.7 ஜிபிதான். தட்டு முழுவதையும் அப்படியே ஒரே பைலாக, அதாவது ஐஎஸ்ஓவாக எடுத்து வையுங்கள், கோடி அதைத் திறக்கும். ஒருமுறை மாற்றினால் போன தெளிவு திரும்பாது. கல்யாண டிவிடிகளில் பூட்டு கிடையாது என்பதால் தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை. கீறலோ பூஞ்சையோ பிடித்த தட்டு என்றால் டிடிரெஸ்க்யூ பயன்படுத்துங்கள். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடத்துக்குத் திரும்பத் திரும்ப முயலும். எங்கே விட்டது என்று குறிப்பும் வைத்துக்கொள்ளும். இடையில் கரண்ட் போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பீரோவுக்குள் கிடக்கும் தட்டுகளை இந்தக் கோடையிலேயே எடுத்துவிடுவது நல்லது.

கேள்வி (சீர்காழி): பைல் பெயரைத் தமிழில் வைத்தால் கோடியில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

இன்டர்ஃபேஸ் அமைப்புகளில் ஸ்கின் பகுதியில் ஃபான்ட் என்று இருக்கும். 'ஏரியல் பேஸ்டு' என்று மாற்றுங்கள். எழுத்து வந்தும் ஒற்றைக்கொம்பு எழுத்தை விட்டுத் தள்ளி நின்றால் உங்களிடம் இருப்பது பழைய கோடி, புதியதற்கு மாறுங்கள். விஎல்சியில் தமிழ் சப்டைட்டில் கட்டமாக வந்தால் லோகித் தமிழ் அல்லது நோட்டோ தமிழ் எழுத்துருவைக் கணினியில் போட்டாலே போதும்.

கேள்வி (நாகப்பட்டினம்): பழைய ரஜினி படத்துக்கு அஜித் போஸ்டர் வருகிறது. சிரிப்பாக இருக்கிறது, ஆனால் சரிசெய்ய வேண்டும்.

பில்லாதானே? 1980-லும் அது உண்டு, 2007-லும் உண்டு. கோடி இணையத் தரவுத்தளத்தில் பெயரை வைத்துத்தான் தேடும். பைல் பெயரில் படத்தின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் வருஷத்தைச் சேர்த்துவிட்டு, படத்தின் தகவல் பக்கத்தில் ரெஃப்ரெஷ் கொடுங்கள். பைல் பெயரின் முன்னாலும் பின்னாலும் ஒட்டியிருக்கும் வெப்சைட் பெயர், பிரின்ட் தரம் போன்ற குப்பைகளையும் வெட்டிவிடுங்கள். வீட்டு விசேஷ வீடியோக்களைத் தனிப் போல்டரில் வைத்து, அதன் உள்ளடக்க வகையை 'நன்' (None) என்று விடுங்கள். இல்லையென்றால் உங்கள் பையனின் காதுகுத்து வீடியோவுக்கு ஏதாவது ஹாலிவுட் போஸ்டரை ஒட்டிவிடும்.

கேள்வி (குத்தாலம்): ஜெல்லிஃபின் போட்டேன். வெளி டிஸ்க்கைச் சேர்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை என்கிறது. பைல் மேனேஜரில் எல்லாம் தெரிகிறது. அப்புறம், இன்டர்நெட் போனால் மாடி டிவியில் படம் நிற்குமா?

உங்களுக்குத் தெரிகிறது, ஜெல்லிஃபினுக்குத் தெரியவில்லை. அது உங்கள் பெயரில் ஓடுவதில்லை. ஜெல்லிஃபின் என்ற தனிப் பயனராக ஓடுகிறது. தானாக இணையும் டிஸ்க் உங்கள் பெயரில் உள்ள மீடியா போல்டருக்குள் போகும், அங்கே அடுத்தவர் நுழைய முடியாது. பாபநாசம் ஐயாவுக்குச் சொன்னபடி டிஸ்க்கை எம்என்டிக்குள் நிலையாக வைத்து, மற்றவர்களுக்கும் படிக்கும் அனுமதி கொடுங்கள்.

இன்டர்நெட் போனாலும் படம் நிற்காது. படம் வீட்டு ரவுட்டர் வழியாகவே மாடிக்குப் போகிறது. ரவுட்டர் இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கணினியின் ஐபி எண்ணோடு 8096 என்ற போர்ட்டைச் சேர்த்துப் போன் பிரவுசரில் திறந்து பாருங்கள்.

கேள்வி (திருவையாறு): பாட்டும் சண்டையும் காதைப் பிளக்கிறது, வசனம் கேட்கவில்லை.

படம் 5.1 ஒலியில், அதாவது ஆறு சேனலில் இருக்கும், உங்கள் டிவியில் இரண்டே ஸ்பீக்கர். கோடியின் ஆடியோ அமைப்பில் சேனல் எண்ணிக்கையை 2.0 ஆக்குங்கள், ஒலியைப் பிரிக்காமல் அப்படியே வெளியே அனுப்பும் பாஸ்த்ரூவை அணையுங்கள். வசனம் நடுச் சேனலில் வருவது. அது இரண்டு ஸ்பீக்கருக்கும் பிரிந்து சேரும். இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் 'ங்' என்று ஸ்பீக்கர் உறுமினால் அது மென்பொருள் கோளாறு இல்லை. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் குணம்.

கேள்வி (வேதாரண்யம்): டிவி ரிமோட்டிலேயே கோடியை இயக்க முடியுமா?

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் முடியும். சாதாரணக் கணினியின் ஹெச்டிஎம்ஐ துளைகளில் பெரும்பாலும் அந்த வசதி இருக்காது. ஆண்ட்ராய்டு போனில் 'கோரே' என்ற கோடியின் சொந்தச் செயலியைப் போடுங்கள். நம் வயலில் பிடுங்கிப் போடும் கோரை இல்லை, இது உதவும். கோடியில் 'எச்டிடிபி வழியாக ரிமோட்' என்பதை ஆன் செய்து கடவுச்சொல்லும் வைக்க வேண்டும்.

கேள்வி (பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்): எல்லாச் சேனலும் புதுப் படமும் இலவசமாகத் தரும் ஆட்-ஆன் எது?

அதற்கு நான் பதில் சொல்வதில்லை. கோடியின் சொந்தக் களஞ்சியத்துக்கு வெளியிலிருந்து வரும் ஆட்-ஆன் உங்கள் கணினியில் நீங்கள் செய்யக்கூடியதையெல்லாம் செய்யும், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கேள்வி (வலங்கைமான்): அப்பாவுக்கு 78 வயது. மவுஸ் பிடிக்க வராது. நாதஸ்வரக் கேசட்டுகளை எம்பி 3 ஆக்கி வைத்திருக்கிறேன், அதை மட்டும் அவரே போட்டுக் கேட்க வேண்டும்.

கணினியைப் பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே போக வையுங்கள், ஸ்டார்ட்அப் பட்டியலில் கோடியைச் சேருங்கள். முகப்பு மெனுவில் மியூசிக் தவிர மற்றதையெல்லாம் ஸ்கின் அமைப்பில் மறைக்கலாம். கேசட்டின் ஒரு பக்கத்தை ஒரே பைலாக விடுங்கள். துண்டு துண்டாக வெட்டினால் ஆலாபனையிலிருந்து கீர்த்தனைக்குப் போகும் இடத்தில் ஒரு விக்கல் விழும், அப்பா அதைக் கண்டுபிடித்துவிடுவார். பைல் பெயரில் வித்வான் பெயரை முதலில் போடுங்கள், ராகத்தைப் பின்னால். நான்கு பொத்தானும் நடுவில் ஓகேவும் உள்ள யுஎஸ்பி ரிமோட் ஒன்று வாங்கிக் கொடுங்கள், ஓகே பொத்தான்மேல் குங்குமப் பொட்டு மாதிரி சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.