வரிப் பங்கீடு: பீகாரா நம் எதிராளி?

கேள்வி: தமிழ்நாட்டில் வசூலாகும் வரியைப் பீகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் கொடுப்பது நியாயமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம்தான். 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு, பகிர்வுக்குரிய ஒன்றிய வரிகளில் 41 விழுக்காட்டை மாநிலங்களுக்கு ஒதுக்கிய 15ஆவது நிதி ஆணையம், அதைப் பிரிப்பதற்கான அளவுகோல்களில் தனிநபர் வருமான இடைவெளிக்கே 45 விழுக்காடு எடை தந்தது. வருமானம் எவ்வளவு குறைவோ அவ்வளவுக்குப் பங்கு கூடும் என்பதால், 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 6 விழுக்காட்டைக் கொண்ட தமிழ்நாட்டுக்கு 4.079 விழுக்காடும், 8.6 விழுக்காட்டைக் கொண்ட பீகாருக்கு 10.058 விழுக்காடும் கிடைத்தன. நம் தனிநபர் வருமானம் பீகாரைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். அங்குள்ள அரசு என்ன முயன்றாலும், நம் அரசு பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செலவிடும் அளவுக்குத் தன் வரியிலிருந்து திரட்டிவிட முடியாது. அங்கே பிறந்து வளர்ந்த இளைஞர்கள் திருப்பூரின் பின்னலாடை ஆலைகளில் உழைப்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நம் குறை வேறு இடத்தில் இருக்கிறது. முந்தைய ஆணையங்கள் பெரிதும் சார்ந்திருந்த 1971 மக்கள்தொகையை விட்டுவிட்டு 2011 கணக்கை எடுத்துக்கொண்டதால், குடும்பக் கட்டுப்பாட்டைச் செவ்வனே நிறைவேற்றிய மாநிலங்கள் இழப்புக்கு உள்ளாயின. மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுச் சாதனைக்குத் தரப்பட்ட 12.5 விழுக்காடு எடை அதை ஓரளவே ஈடு செய்தது. அதைவிடப் பெரிய குறை, செஸ் (குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்கென விதிக்கும் வரி) என்றும் கூடுதல் வரி என்றும் ஒன்றிய அரசு வசூலிக்கும் தொகை பகிர்வுக்கு வருவதே இல்லை என்பது. அதனால், ஒன்றியத்தின் மொத்த வரி வருவாயில் மாநிலங்களுக்கு உண்மையில் வந்து சேர்வது 41 விழுக்காட்டைவிடக் கணிசமாகக் குறைந்துவிடுகிறது. இதில் பீகாரும் நம்மோடு சேர்ந்தே இழக்கிறது. ஆகவே, செஸுக்கு ஓர் உச்சவரம்பு கேட்பதில் இரண்டு மாநிலங்களும் ஒரே அணியில் நிற்க வேண்டும் என்பதே என் கருத்து.

கேள்வி: மாநிலத்துக்குள்ளேயும் இப்படிச் சமன்செய்யும் ஏற்பாடு உண்டா?
– வாசகி, தருமபுரி

பதில்: உண்டு. அரசமைப்பின் 73, 74ஆவது திருத்தங்களின்படி, மாநில வருவாயை உள்ளாட்சிகளுக்குப் பிரிப்பது பற்றிப் பரிந்துரைக்க, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநில நிதி ஆணையம் அமைக்கப்பட வேண்டும். தமிழ்நாடு தன் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. பெருநகர மாநகராட்சிக்குச் சொத்து வரியே பெரும் வருவாய் தரும். மலையடிவார ஊராட்சிக்கோ வீட்டு வரியில் தெருவிளக்குக் கட்டணம் கட்டவே போதாது. தலைக்கணக்கை மட்டும் பார்த்துப் பிரித்தால் சிறிய ஊராட்சிகள் நடக்கவே முடியாது என்பதால்தான் ஒவ்வோர் ஊராட்சிக்கும் குறைந்தபட்சத் தொகை ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. டெல்லியிடம் உரிமையோடு பங்கு கேட்கும் மாநிலம், அந்தத் தொகையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தவும் உரிய காலத்தில் தவறாமல் கொடுக்கவும் கடமைப்பட்டிருக்கிறது.