புது நகராண்மைக் கழகக் கட்டடம்: பணம் கட்டும் கவுண்டர் எந்த மாடியில் என்று கேளுங்கள்

வணக்கம் அண்ணே. தோட்டத்தை வெட்டி வீடமைப்பு வந்து ஊர் பெருத்துவிட்டது, நகராண்மைக் கழகத்துக்குப் புது அலுவலகம் கட்டப் போகிறார்கள், குடியிருப்பாளர் சங்கம் எதைக் கேட்பது என்று எழுதியிருந்தீர்கள். கட்டடம் எத்தனை மாடி என்பதை விடுங்கள், கவுண்டர் எந்த மாடியில் என்று கேளுங்கள். நம் மலேசியாவில் மதிப்பீட்டு வரிக்கு, அதாவது வீட்டுக்காக நகராண்மைக் கழகத்துக்குக் கட்டும் வரிக்கு, பிப்ரவரி, ஆகஸ்டு மாதக் கடைசிதான் தவணை. அந்த வாரக் கூட்டத்தை வைத்துத்தான் காத்திருக்கும் இடத்தைக் கணக்குப் போட வேண்டும், சாதாரண நாளை வைத்து இல்லை.

எங்கள் ஊரில் கவுண்டர் மேல்மாடியில் இருந்தது. ரப்பர் பால்மரம் சீவியே முட்டி தேய்ந்த என் அம்மா, ஒரு கையில் பில்லும் மறு கையில் கைப்பிடிக் கம்பியுமாக ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறியது இன்னும் கண்ணில் நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உள்ளே போக வசதி செய்வது தயவு இல்லை, 1984ஆம் ஆண்டு கட்டடத் துணைவிதிகளில் 34ஏ விதி கேட்பதே அதுதான்.

அப்புறம் இடம். நெடுஞ்சாலை ஓரம் நிலம் சும்மா கிடக்கிறதென்று அங்கே கொண்டு போனால், தோட்டத் தொழிலாளர் லயத்தில் மோட்டார் சைக்கிள் இல்லாத வயதானவர்கள் எப்படிப் போவார்கள்? பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒருமுறை வெயிலில் நடந்து பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குப் போங்கள். உள்ளூர்த் திட்ட வரைவு பொதுப் பார்வைக்கு வந்தால் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள், 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் அதற்கு இடம் தருகிறது. பின்னால் விரிவாக்கப் பக்கத்து நிலத்தையும் இப்போதே ஒதுக்கச் சொல்லுங்கள்.