சீனாவின் குறி எலும்பு எழுத்துகள், அதாவது குறி கேட்கப் பயன்பட்ட எலும்புகளில் பொறித்த எழுத்துகள், எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டன? அவற்றைக் கலை என்று சொல்லலாமா?

ஹெனான் மாகாணத்தின் ஆன்யாங் அருகே உழவர்கள் நிலத்திலிருந்து தோண்டியெடுத்த பழைய எலும்புகள், ‘டிராகன் எலும்பு’ என்ற பெயரில் மருந்துக்கடைகளில் பொடித்து விற்கப்பட்டுவந்தன. அவற்றில் இருந்த கீறல்கள் தொன்மையான எழுத்துகள் என்பதை 1899-இல் பெய்ஜிங் அறிஞர் வாங் யிரோங் உணர்ந்தார். நோய்க்கு வாங்கிய மருந்திலேயே அவர் அவற்றைக் கண்டார் என்னும் கதை சுவையானதுதான். ஆனால் அது பிற்காலத்தில் சேர்ந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. 1928-இல் அங்கு முறையான அகழாய்வு தொடங்கியது. 1936-இல் ஒரே குழியிலிருந்து 17,000-க்கும் மேற்பட்ட துண்டுகள் கிடைத்தன.

மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனாவை ஆண்ட ஷாங் மரபு மன்னர்கள் மழை, போர், மகப்பேறு ஆகியவற்றைப் பற்றிக் குறி கேட்பதற்காக, ஆமையின் அடியோட்டிலோ மாட்டின் தோள்பட்டை எலும்பிலோ பின்புறம் குழிகள் குடைந்து சூடுவைத்து, முன்புறம் தோன்றும் விரிசல்களைக் கொண்டு பலன் கண்டனர். கேள்வியும் சில வேளைகளில் விடையும் அந்த விரிசல்களின் அருகிலேயே பொறிக்கப்பட்டன.

இந்த எழுத்தின் அழகு கத்தியிலிருந்து பிறந்தது. கடினமான எலும்பில் வளைவை வெட்டுவது அரிது என்பதால் வட்டமான கதிரவன்கூடக் கோணங்கள் கொண்ட வடிவமாகிறது. கோடுகள் மெலிந்து, முனைகள் கூர்ந்து நிற்கின்றன. குதிரையும் பன்றியும் செங்குத்தாகத் திருப்பப்பட்டு வாலின்மேல் நிற்பவைபோல் காட்சியளிப்பதைக் காணும்போது, ஓவியம் எழுத்தாக மாறும் கணத்தையே பார்ப்பதுபோல் இருக்கும். ஆமையோட்டின் நடுக்கோட்டுக்கு ஒருபுறம் ‘மழை பெய்யும்’ என்றும் மறுபுறம் ‘பெய்யாது’ என்றும் எதிரெதிராகப் பொறிக்கும் வழக்கமும் இருந்தது. சிலவற்றில் வெட்டுகளுக்குள் செந்நிறம் பூசியிருக்கிறார்கள். குறி பார்ப்பதற்கு அது தேவையில்லை என்பதால், பொறித்தவர்கள் தோற்றத்தையும் பொருட்படுத்தினர் என்றே நான் கருதுகிறேன்.