ஏத்தன் வாழையில் ஸ்ப்ளைசிங் மாற்றம்: எதை நம்பி பிசிஆருக்குப் போவது?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் முதுகலை உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறேன். திருவட்டாறில் எங்கள் தோட்டத்தில் தண்ணீர் விட்ட ஏத்தன் (நேந்திரன்), விடாத ஏத்தன் இரண்டிலும் மும்மூன்று இலை மாதிரி எடுத்து ஆர்என்ஏ சீக்வென்சிங் செய்தோம். மாதிரிக்கு 2 கோடி ஜோடி ரீட்கள் (கருவி படித்த வரிசைத் துண்டுகள்), நீளம் 100 எழுத்து. ஆர்மேட்ஸ் மென்பொருள் நிறைய ஸ்ப்ளைசிங் (ஆர்என்ஏயிலிருந்து இன்ட்ரான் துண்டுகளை வெட்டி, எக்ஸான் துண்டுகளை ஒட்டும் வேலை) மாற்றங்களைக் காட்டுகிறது. பாதிக்கு மேல் இன்ட்ரான் வெட்டப்படாமல் தங்கியவை. எதை நம்பலாம்? செவ்வாழையோடும் ஒப்பிடலாமா?

பதில்: எஃப்டிஆர் (தவறான கண்டுபிடிப்பு விகிதம்) வரிசையில் மேலே நிற்பதை எடுத்துக்கொண்டு நேரே பிசிஆருக்குப் போய்விடாதீர்கள். முதலில் ஜங்ஷன் ரீட்களை எண்ணுங்கள். ஒரு எக்ஸானில் தொடங்கி வேறொரு எக்ஸானில் முடியும் ரீட்தான் ஸ்ப்ளைசிங்குக்கு நேரடிச் சாட்சி. மாதிரிக்கு நாலைந்து ரீட்தான் இருக்கிறது என்றால், பிஎஸ்ஐ மதிப்பு (அந்தத் துண்டைச் சேர்த்த பிரதிகளின் பங்கு) எவ்வளவு அழகாக மாறினாலும் அதை ஒதுக்கிவிடுங்கள். ஒவ்வொரு மாதிரியிலும் சேர்ப்பு (எக்ஸான் உள்ளே வருவது), தாவல் (அது விடுபடுவது) இரண்டுக்குமாகக் குறைந்தது 10 ஜங்ஷன் ரீட், பிஎஸ்ஐ வித்தியாசம் 0.1க்கு மேல், எஃப்டிஆர் 0.05க்குக் கீழ் என்று வடிகட்டினாலே பட்டியல் வெகுவாகச் சுருங்கும்.

கையால் ஒன்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எக்ஸானைச் சேர்க்கும் ரீட் 40, தாவும் ரீட் 20 என்றால் பிஎஸ்ஐ 0.67 அல்ல. சேர்ப்புக்கு இரண்டு ஜங்ஷன், தாவலுக்கு ஒன்றுதான். எனவே 40ஐ 2ஆல் வகுக்க வேண்டும்; விடை 0.5. ஆர்மேட்ஸ் இந்த நீளத் திருத்தத்தைத் தானே செய்துவிடும். ஆனால் அடாப்டர் (சீக்வென்சிங்குக்காக முனையில் ஒட்டிய துணுக்கு) வெட்டியதில் ரீட் நீளம் கலைந்திருந்தால், நீளம் மாறலாம் என்ற விருப்பத்தைக் கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் 100 இல்லாத ரீட்களை அது கணக்கிலேயே சேர்க்காது.

இன்ட்ரான் தங்குவது தாவரங்களில் மிகச் சாதாரணம், எனவே பட்டியலில் அது கூடுதலாக இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் அதிகம் சந்தேகப்பட வேண்டியதும் அதைத்தான். வாழை இலையில் பாலிசாக்கரைடும் பீனாலும் அதிகம். ஆர்என்ஏ பிரிக்கும்போது டிஎன்ஏயும் கூடவே வந்துவிடும்; அதில் இன்ட்ரான் வெட்டப்படாமல் அப்படியே இருக்கும். ஐஜிவி மென்பொருளில் சாஷிமி வரைபடத்தை (ரீட்களின் படிவையும் ஜங்ஷன்களையும் காட்டும் படம்) திறந்து, அந்த இன்ட்ரான் முழுக்க ரீட் சீராகப் படிந்திருக்கிறதா, இரு முனை எல்லைகளையும் ரீட்கள் கடக்கின்றனவா என்று பாருங்கள். பக்கத்து இன்ட்ரான்களிலும், ஜீன்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்திலும் அதே மட்டத்தில் ரீட் தெரிந்தால் அது டிஎன்ஏ கலப்பாகவே இருக்கும்.

உங்கள் 2 கோடி ஜோடி, ஜீன் வெளிப்பாட்டுக்குத் தாராளம். ஸ்ப்ளைசிங்குக்கு 5 கோடி இருந்தால் நிம்மதி. அதே லைப்ரரியை (சீக்வென்சிங்குக்குத் தயாரித்த மாதிரி) மறுபடி ஓட்டப் பணம் இல்லையா, சரி, அதிகம் வெளிப்படும் ஜீன்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. அப்புறம், இலை பறித்த நேரத்தைச் சரிபாருங்கள். ஒரு குழுவைக் காலையிலும் மற்றதை மதியத்திலும் எடுத்திருந்தால், தண்ணீரின் விளைவையும் வெளிச்சத்தின் விளைவையும் பிரிக்கவே முடியாது.

செவ்வாழை ஒப்பீடு இப்போதைக்கு வேண்டாம். செவ்வாழை ஏஏஏ, ஏத்தன் ஏஏபி (ஏ, பி என்பவை வாழையின் இரு மூதாதை இனங்களின் மரபணுத்தொகுதிகள்; எழுத்துக்கு ஒரு பிரதி). 2012இல் வெளியான பஹாங் என்ற வாழையின் மரபணுத்தொகுதி ஏ வகையைச் சேர்ந்தது. ஏத்தனின் பி பிரதியிலிருந்து வரும் ரீட்கள் அதில் சரியாகப் பொருந்தாமல் நழுவும்போது, இல்லாத ஸ்ப்ளைசிங் வித்தியாசம் இருப்பதுபோலத் தோன்றும். ஏத்தனை ஏத்தனோடு ஒப்பிட்டால் இந்தப் பிழை இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். பி வகைத் தொகுதியும் 2019இல் வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்து ஒரே ஆதாரத் தொகுதியாக்கிய பிறகு செவ்வாழையைத் தொடலாம்.

பிசிஆருக்குப் பிரைமரை இரு பக்க எக்ஸான்களிலும் வையுங்கள். ஜெல்லில் இரண்டு பேண்ட் (டிஎன்ஏ பட்டை) வர வேண்டும். இன்ட்ரான் தங்கிய பேண்டும் டிஎன்ஏ தரும் பேண்டும் ஒரே அளவு. எனவே ஆர்என்ஏயை டிஎன்ஏவாக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி சேர்க்காத ஒரு குழாய் இல்லாமல் எந்த ஜெல்லையும் ஏற்காதீர்கள். முதல் சோதனைக்கு எஸ்ஆர் புரத (ஸ்ப்ளைசிங்கைக் கட்டுப்படுத்தும் புரதம்) ஜீன் ஒன்றை எடுங்கள். தாவரங்களில் அழுத்த நிலையில் அவற்றின் ஸ்ப்ளைசிங் நன்றாக மாறுவது தெரிந்த விஷயம். அதில் பேண்ட்கள் சரியாகப் பிரிந்த சிடிஎன்ஏயிலேயே (ஆர்என்ஏயிலிருந்து எடுத்த டிஎன்ஏ பிரதி) உங்கள் புதிய ஜீன்களையும் ஓட்டுங்கள்.