100 சதவீதம் போட்ட தாளில் வேறு எங்கே பார்க்க வேண்டும்?

ஏற்காட்டில் எஸ்டேட் ஆபீஸ், கீழே சேலம் லீ பஜாரில் குடோன், இரண்டுக்குமாக மூன்று கணினி வைத்திருக்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: "கடைக்காரர் காட்டிய சோதனைத் தாளில் ஒரு ஆன்டிவைரஸுக்கு 100 சதவீதம், இன்னொன்றுக்கு 99.3. முதலாவது விலை கூடுதல். மேலே மழை பிடித்தால் நெட் போய்விடும், சம்பளக் கணக்கை பென்டிரைவில்தான் கீழே கொண்டுவருகிறோம். எதை வாங்குவது?"

முதலில் அந்த 0.7 சதவீதத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். இணையம் வழியாக வரும் தாக்குதலை வைத்து நடத்தும் இந்த மாதிரிச் சோதனையில் பயன்படுத்துவது சில நூறு வைரஸ் மாதிரிகள்தான். 400 என்று வைத்துக்கொண்டால் 99.3 என்பது மூன்றே மூன்று தப்பியது, அவ்வளவுதான். அடுத்த சுற்றில் 100 எடுத்தது இரண்டைக் கோட்டைவிடலாம், 99.3 முழுசாகப் பிடிக்கலாம். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் என்ற சோதனைக் கூடம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முடிவு போடுகிறது, பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை மூன்றுக்கும் தலா 6 புள்ளி, மொத்தம் 18. ஒரு வருடத்து ஆறு சுற்றையும் வரிசையாகப் பாருங்கள், அதில் ஒரே சீராக நிற்கிறதா என்பதுதான் கணக்கு.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம். உங்கள் வைரஸ் எங்கிருந்து வரும்? இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வரும் பென்டிரைவில். கடைக்காரர் காட்டியதோ இணையத் தாக்குதல் சோதனை. நீங்கள் தேட வேண்டியது வேறு தாள். ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் என்ற சோதனை நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், ஏற்கெனவே டிஸ்கிலோ பென்டிரைவிலோ உட்கார்ந்திருக்கும் நச்சுக் கோப்புகளை வைத்துத் தனியாக ஒரு சோதனை நடத்துகிறது. அந்த அட்டவணையில் நெட் இல்லாதபோது கண்டுபிடித்தது, நெட் இருந்தபோது கண்டுபிடித்தது, கடைசியில் மொத்தமாகத் தடுத்தது என்று மூன்று எண் இருக்கும். விளம்பரத்தில் வருவது மூன்றாவது. மலையில் உங்களுக்கு வேண்டியது முதலாவது.

காரணம் இதுதான்: இன்றைய ஆன்டிவைரஸ் பலவும் சந்தேகமான கோப்பைக் கண்டதும் தங்கள் சர்வரிடம் கேட்டுத்தான் முடிவு செய்கின்றன. நெட் அறுந்தால் கேட்க ஆளில்லை. அதனால் நெட்டோடு 99-க்கு மேல் எடுக்கும் சிலவற்றின் முதல் எண் நன்றாகவே கீழே கிடக்கும். கோப்பை ஓட்டிப் பார்த்த பிறகு நடத்தையை வைத்துப் பிடிப்பது அந்த எண்ணில் சேராது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆனாலும் இரண்டு மருந்துக்கு நடுவே தேர்ந்தெடுக்க அதுவே போதும்.

அதே நிறுவனத்தின் இணையச் சோதனைப் படத்தில் மஞ்சளாக ஒரு துண்டு தெரிந்தால் அதையும் விடாதீர்கள். "இதை அனுமதிக்கலாமா?" என்று உங்களிடமே கேட்டுவிட்டு ஒதுங்கிய இடங்கள் அவை, மதிப்பெண்ணில் பாதியாகச் சேர்க்கிறார்கள். சம்பள நாளில் வேலை நெருக்கடியில் உங்கள் கிளார்க் என்ன அழுத்துவார் என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் பொய் எச்சரிக்கை. என்னைக் கேட்டால் தொழில் செய்பவர் முதலில் பார்க்க வேண்டிய பத்தியே இதுதான். ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் எடைமேடை சாஃப்ட்வேர் ஒருநாள் காலை காணாமல் போனது, உள்ளூர்க்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்த சின்ன நிரல், இரவு வந்த அப்டேட் அதை வைரஸ் என்று தூக்கிச் சிறையில் போட்டுவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் மரவள்ளிக்கிழங்கு லாரிகள் வாசலைத் தாண்டி ரோடு வரை நின்றன, டிரைவர்கள் தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மீட்டெடுத்து விதிவிலக்கில் சேர்க்கப் பத்து நிமிடம் ஆகவில்லை, ஆனால் பாதி நாள் போயிற்று. தயாரித்தவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத, பத்து இருபது பேர் மட்டும் வைத்திருக்கும் நிரல் என்றால் எந்த ஆன்டிவைரஸும் சந்தேகமாகத்தான் பார்க்கும். உங்கள் சம்பள சாஃப்ட்வேரும் அந்த ரகம் என்றால் எந்தச் சோதனைக் கூடத்திலும் அது இருக்காது. ஆனாலும் பொய் எச்சரிக்கை அதிகம் கொடுக்கும் பழக்கம் தாளில் தெரிந்துவிடும், 100 சதவீதத்தோடு பொய் எச்சரிக்கை எண்ணும் அதிகமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் பிடிக்கிறது என்று அர்த்தம்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை: சோதனைக் கணினிகளில் வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் இருக்கும். குடோனில் இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் தாளில் "லேசான தாமதம்" என்பது உங்களுக்கு டீ குடித்துவிட்டு வரும் தாமதம்.

சரி, எதை வாங்குவது? பெயர் சொல்ல மாட்டேன், வழி சொல்கிறேன். ஆறு சுற்றிலும் சீராக நிற்பவற்றை எடுத்துக்கொண்டு, நெட் இல்லாத எண்ணில் மேலே இருப்பதும் பொய் எச்சரிக்கை குறைந்ததுமான ஒன்றைப் பொறுக்குங்கள். அது உங்கள் 99.3 ஆகவே இருந்தால் தாராளமாக வாங்கலாம். லீ பஜாரில் நெட் எப்போதும் இருக்கிறது, அந்தக் கணினிகளுக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதுமானதாக இருக்கலாம், அதையும் இதே தாள்களில் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டை ஒரே கணினியில் சேர்த்துப் போட வேண்டாம்.

பணம் கட்டுமுன் டிரையல் போடுங்கள். சம்பளம் போடும் வாரமாகப் பார்த்து எஸ்டேட் கணினியில் ஏற்றி, ரவுட்டரை அணைத்துவிட்டு, சம்பள சாஃப்ட்வேரைத் திறந்து பட்டியலை பிரிண்ட் வரை எடுத்துப் பாருங்கள், அதே பென்டிரைவைச் சொருகி முழுவதும் ஸ்கேன் விடுங்கள். அதற்கு முந்தின நாளே கணக்குக் கோப்பை ஒரு தனி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, வயரைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள்.