ஆண்டிஸ் மலைத் திராட்சையும் வைனும்: கேள்வி பதில்

கேள்வி: மலையில் குளிருமே, அங்கே போய் ஏன் வைன் திராட்சை போடுகிறார்கள்?

பதில்: குளிருக்காகத்தான் போகிறார்கள். 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும். பழத்துக்குப் புளிப்பு தரும் மாலிக் அமிலம் சூட்டில் வேகமாகச் செலவாகிவிடும். அப்புறம் வெறும் இனிப்புதான். அர்ஜென்டினாவின் ஊகோ பள்ளத்தாக்கில், 1,000 மீட்டருக்கு மேல், பகல் வெயிலில் சர்க்கரை ஏறும், ராத்திரிக் குளிரில் புளிப்பும் தங்கும்.

கேள்வி: அப்படியென்றால் உயரம் கூடக் கூட வைன் நன்றாக இருக்குமா?

பதில்: இருக்காது. ஓர் அளவுக்கு மேல் பழமே பழுக்காது. அர்ஜென்டினாவின் வடக்கே சால்டா மாகாணத்தில் 3,111 மீட்டரில் தோட்டம் இருக்கிறது, உண்மை. ஆனால் அது மகர ரேகைக்குப் பக்கம், அதனால் அவ்வளவு உயரத்திலும் சூடு கிடைக்கும். தெற்கே மெண்டோசாவில் அதே உயரத்தில் நட்டால் விறகுதான் மிஞ்சும்.

உயரத்தைவிட முதலில் பள்ளத்தைப் பாருங்கள். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கி அடியில் தேங்கும். வசந்தத்தில் ஒரே ஒரு உறைபனி ராத்திரி போதும். மறுநாள் வெயில் ஏறும்போது துளிரெல்லாம் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கும். மேட்டிலிருக்கும் வரிசைக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

கேள்வி: மலை வெயில் திராட்சைத் தோலைத் தடிக்க வைக்கிறது என்பதெல்லாம் விளம்பரக் கதை. நிறத்துக்குக் காரணம் ராத்திரிக் குளிர்தான்.

பதில்: குளிருக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மெண்டோசாவில் 500, 1,000, 1,500 மீட்டர் என மூன்று உயரங்களில் மால்பெக் என்ற சிவப்பு வைன் திராட்சைக் கொடிக்கு மேல், வெயிலிலுள்ள புற ஊதா-பி கதிரைத் தடுக்கும் படலம் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். கதிரைத் தடுத்த பழத்தில், நிறமும் துவர்ப்பும் தரும் பாலிபினால் குறைந்தது. பக்கத்துக் கொடிக்கும் அதே ராத்திரி, அதே குளிர்தானே? தோலில் சேரும் நிறமிகளும் பாலிபினால்களும் அந்தக் கதிர் தாக்காமல் பழத்துக்குக் குடை பிடிக்கின்றன.

கேள்வி (அதே நண்பர்): பழம் சிறுத்ததால் தோலின் விகிதம் கூடியிருக்கும். அவ்வளவுதான்!

பதில்: பாதி சரி. மேலே பழம் சிறுக்கத்தான் செய்கிறது, அதனால் சாறுக்குத் தோல் அதிகம். ஆனால் அந்தச் சிறுப்பிலேயே கதிருக்கும் பங்கு இருக்கிறதே! இரண்டையும் பிரித்து வைத்து வழக்காடினால் விடியாது.

கேள்வி: சார், அதிக உயரம் என்றால் தரமான வைன் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: இரண்டாவது கேள்வி.

கேள்வி: மழை போதுமா?

பதில்: மெண்டோசாவில் ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர்தான். பனி உருகி வரும் ஆற்றை வாய்க்காலில் திருப்பிப் பாய்ச்சுகிறார்கள். மழை குறைவு என்பதால் பூஞ்சை நோயும் குறைவு. ஆனால் கோடையில் ஆலங்கட்டி விழும். அரைமணி நேரத்தில் கொத்தெல்லாம் சிதையும். அதனால்தான் அங்கே வரிசை வரிசையாக வலை.

கேள்வி: தினமும் ஒரு கிளாஸ் இதயத்துக்கு நல்லதா?

பதில்: மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: 1,400 மீட்டரில் நிலம் வருகிறது. உயரம் நல்லதுதானே, வாங்கலாமா?

பதில்: மறுபடியும் மீட்டரா! மேடா பள்ளமா, தண்ணீர் உரிமை உண்டா? இரண்டையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.